கடலுக்குள்ளே என்ன நிறம்?

உங்கள் வீட்டுப் பிள்ளையின் வண்ணப் பென்சில் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். வாங்கிய அன்று பன்னிரண்டு நிறங்களும் ஒரே உயரத்தில் இருந்தவைதாம். ஓராண்டு கழிந்ததும் நீலம் சுண்டுவிரல் அளவுக்குக் குறைந்திருக்கும். சிவப்பும் பச்சையும் பாதியாகியிருக்கும். பழுப்பு மட்டும் கூர்கூடக் கெடாமல் கடையில் வாங்கியபடியே கிடக்கும். வெள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அது எதற்காகப் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையே பல பிள்ளைகள் அறியார்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், பள்ளி ஓவிய ஆசிரியனாக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். 'கடலுக்கடியில் ஒரு காட்சி' என்பது நாங்கள் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தலைப்பு. ஆண்டுதோறும் எனக்குக் கிடைத்ததும் ஏறத்தாழ ஒரே படம்தான். தாள் முழுவதும் அழுத்தித் தேய்த்த நீலம். நடுவே பல்லைக் காட்டும் ஒரு சுறா. மூலையில் மூடி திறந்த புதையல் பெட்டி. அதனருகே செக்கச் சிவந்த பவளக்கொடி. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டையிட்ட சிறு மீன் ஒன்று. மேலே அலைக்கோடு, அதன்மீது ஒரு படகு. இந்தப் படத்தைச் சென்னையின் நடுவிலோ தில்லியிலோ இருக்கும் பிள்ளை வரைந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் கடலைப் புத்தகத்திலும் கைப்பேசியிலும்தானே கண்டிருக்கிறான்? ஆனால் வீட்டு வாசலில் நின்றால் மன்னார் வளைகுடா தெரியும் ஊரில், சங்கு குளித்த பரம்பரையில் பிறந்த பிள்ளைகளும் இதையே வரைந்தார்கள். அதுதான் என் மனத்தை உறுத்தியது.

நம் ஊர்க் கடலடியை அறிந்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். பாய்மரத் தோணியில் சென்று, கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கி, மூச்சடக்கி முத்துச் சிப்பியும் சங்கும் எடுத்த குளியாளிகள். பின்னாளில் முகக் கண்ணாடி அணிந்து இறங்கிய அவர்களுடைய பிள்ளைகள். தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக் குளித்தல் நின்று போயிற்று. அந்நாளில் இறங்கியவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். இந்தியச் சங்கைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1914-இல் ஒரு முழு நூலே எழுதி வைத்தார். சங்கை எடுத்த கைகள் எதையும் எழுதி வைக்கவில்லை. எந்தப் பார் எங்கே முடிகிறது, எங்கே மணல், எங்கே புல் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருந்தன. ஜனாஸாவோடு மண்ணுக்குள் சென்றன. பிள்ளைகளின் ஓவிய நோட்டில் இதற்கு ஓர் இடம் உண்டு என்று எனக்குத் தோன்றிற்று. எப்படி என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

வாப்பாவிடம் கேட்டு வா

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவளுடைய தந்தை சங்கு குளிப்பவர். எழுத்தறிவு அவருக்குக் கையொப்ப அளவில்தான். அந்த ஆண்டு நான் வகுப்பில் ஒரு நிபந்தனை விதித்தேன்: "கடலுக்குள் இறங்கிய ஒருவரிடம் கேட்காமல் யாரும் பென்சிலைத் தொடக்கூடாது." மற்றப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அவள் மட்டும் மறுநாளே கேள்விகளோடு வந்தாள். "சார், வாப்பா போற இடத்துல நீலமே கிடையாதாம். பச்சையாத்தான் இருக்குமாம். அப்ப நான் என்ன செய்ய?"

அவள் தந்தை சொன்னதில் பொய்யில்லை. கரையிலிருந்து பார்க்கும்போது கடல் நீலமாகத் தோன்றுவதற்கு, அதில் பிரதிபலிக்கும் வானமும் ஒரு காரணம். கரையை ஒட்டிய நீரினுள்ளோ நுண்ணிய பாசிகளும் வண்டலும் மிதக்கின்றன. ஆகவே உள்ளே இறங்கியவர் காண்பது மஞ்சள் கலந்த பச்சை. வாடைக் காலத்தில் நம் தென்கடல் அமைதியாகித் தெளியும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கலங்கிக் கைதூரம்கூடத் தெரியாது. எந்தக் காலத்துக் கடலை வரைகிறாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். இந்தக் கேள்வியை எந்த ஓவியப் புத்தகமும் கேட்பதில்லை.

இன்னொன்றும் அவர் சொல்லியனுப்பினார். ஒருமுறை எட்டுப் பாகம் ஆழத்தில் பவளப்பாறை காலைக் கிழித்துவிட்டதாம். "ரத்தம் கரும்பச்சைப் புகை மாதிரி போச்சு" என்றாராம். வகுப்பே சிரித்தது. உண்மையில் அது கண் மயக்கமன்று. சூரிய ஒளியிலுள்ள நிறங்களுள் சிவப்பைத்தான் நீர் முதலில் விழுங்குகிறது. ஐந்தாறு பாகம் இறங்குவதற்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். பிறகு ஆரஞ்சு, அதன் பின் மஞ்சள். பச்சையும் நீலமும்தான் ஆழம் வரை செல்பவை. ஆதலால் சிவப்பு மீன் ஒன்று ஆழத்தில் நின்றால் அது கருத்தே தோன்றும். ஒரு குளியாளி தன் காயத்தில் கண்டறிந்ததை அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் விளக்க ஒரு பாடவேளை பிடித்தது.

பென்சிலின் குணம்

இனி, தாய்மார்கள் வீட்டில் பிள்ளையோடு அமர்ந்து செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வண்ணப் பென்சிலின் உள்ளே இருப்பது நிறப்பொடியும் மெழுகும் களிமண் போன்ற நிரப்புப் பொருளும். மெழுகு இருப்பதால் அந்த நிறம் கண்ணாடித்தாள் போன்றது. கீழே உள்ள நிறம் மேலே தெரியும். போஸ்டர் வண்ணத்தைப்போல் ஒன்றை மற்றொன்றால் மூடிவிட முடியாது. வெள்ளைப் பென்சிலால் கருநீலத்தின்மேல் எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளை வராமற் போவது இதனால்தான். ரப்பரும் இதனிடம் தோற்றுப்போகும். ஆகவே வண்ணப் பென்சிலில் வெள்ளை என்பது தாளை விட்டுவைப்பது. எங்கே ஒளி விழ வேண்டுமோ அந்த இடத்தைத் தொடாமல் காக்க வேண்டும். கையைக் கட்டுப்படுத்துவது பத்து வயதுப் பிள்ளைக்கு எளிதன்று, ஆயினும் பழகிவிடும்.

பளபளப்பான சார்ட் அட்டை இதற்கு ஆகாது. சற்றே சொரசொரப்பான டிராயிங் தாள்தான் நிறத்தைப் பிடிக்கும். முதலில் மஞ்சளை, தாளில் இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லத் தடவச் சொல்லுங்கள். அதன்மேல் இளம்பச்சை. அதன்மேல், ஆழத்தை நோக்கிச் செல்லச் செல்ல, நீலம் சிறிது சிறிதாக. மூன்றும் சேர்ந்து வரும் நிறம் பெட்டியில் எந்தப் பென்சிலிலும் இல்லை. அதைக் கண்டதும் பிள்ளையின் முகத்தில் ஏற்படும் வியப்பைப் பார்க்க வேண்டுமே! அழுத்தித் தேய்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளட்டும். தொடக்கத்திலேயே அழுத்திவிட்டால் தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டுப் போகும்; மேலே எந்த நிறமும் ஏறாது, வழுக்கும்.

சொறிமீனின் நூல் போன்ற கால்களை வரைய ஒரு தந்திரம் உண்டு. மை தீர்ந்த ரீஃபிலை எடுத்து, வெறும் தாளில் அழுத்தி வளைகோடுகள் இழுக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அதன்மேல் பென்சிலைப் படுக்க வைத்து நிறம் பூசினால், பள்ளத்தில் நிறம் இறங்காமல் கோடுகள் வெள்ளையாக எழுந்து நிற்கும். மணலுக்கும் ஒரு வழி சொல்கிறேன். வீட்டிலுள்ள கோரைப்பாயின்மேல் தாளை விரித்து, பழுப்புப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால், பாயின் வரிகள் தாளில் ஏறி, அலை அரித்த மணல் வரிகளைப்போல் அமையும். பத்தமடைப் பட்டுப்பாய் வேண்டாம். அது அவ்வளவு மெல்லியது, வரியே விழாது. (அதில் பென்சில் கறை பட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.)

தூரத்தைக் காட்டுவதில் கரைக்கும் கடலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தரையில் ஒரு மைல் தொலைவிலுள்ள பனைமரம் தெரியும். நம் கடலின் உள்ளே சில மீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கிப் பச்சைத் திரைக்குள் கரைந்துபோகும். அருகிலுள்ள பாறையைத் தெளிவாகவும் அழுத்தமாகவும் வரையலாம். அதற்குப் பின்னுள்ளதை வெறும் நிழலாக விட்டுவிட வேண்டும். தாளின் மூலை முடுக்கெல்லாம் எதையாவது நிரப்ப வேண்டும் என்ற ஆசையைப் பிள்ளைகளிடமிருந்து பிரிப்பதுதான் எனக்கு எப்போதும் பெரும்பாடாக இருந்தது. பெற்றோரும் 'இங்கே காலியாக இருக்கிறதே, ஒரு மீன் போடு' என்று தூண்டுவார்கள்.

படகின் கதையும் இப்படித்தான். மேலே அலைக்கோடு போட்டு அதன்மேல் படகை வைப்பது, கண்ணாடித் தொட்டியை வெளியே நின்று பார்ப்பவனின் பார்வை. உள்ளே இருப்பவன் தலையை உயர்த்தினால் என்ன காண்பான்? அமைதியான நீரில், ஒளி வளைவதன் காரணமாக, வானம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். அந்த வட்டத்தின் நடுவே புன்னை இலையைப்போல் ஒரு கரிய வடிவம். அதுதான் படகின் அடிப்பாகம். அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு கயிறு. மூச்சு முட்டும்போது குளியாளியின் கண் தேடும் காட்சி இதுவே.

பவளம் சிவப்பா?

பிள்ளைகள் பவளத்துக்குச் சிவப்பை எடுப்பதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல இயலாது. நம் தமிழே அப்படிப் பழக்கிவிட்டது. பவளவாய் என்கிறோம், பவளமல்லியின் காம்பைப் பார்க்கிறோம். ஆனால் மாலையில் கோக்கும் அந்தச் செம்பவளம் நம் கடலில் விளைந்ததன்று. அது மத்தியதரைக் கடலின் பொருள். யவனக் கப்பல்கள் நம் தென்னகத் துறைமுகங்களுக்குக் கொண்டுவந்த சரக்குகளுள் பவளமும் இருந்ததைப் 'பெரிப்ளூஸ்' என்ற பழைய கிரேக்கக் கடற்பயண நூல் குறிப்பிடுகிறது. திருமறையின் ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 'மர்ஜான்' என்பதற்கு நம் மொழிபெயர்ப்புகள் பவளம் என்றே பொருள் தருகின்றன. சிறு முத்துகள் என்று பொருள் கொண்ட விரிவுரையாளர்களும் உண்டு.

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையோ பெரும்பாலும் பழுப்பு. மஞ்சள் கலந்த பழுப்பு, பச்சை கலந்த பழுப்பு, சிலவற்றின் கிளை நுனியில் மட்டும் வெளிர்நிறம் அல்லது இளம் ஊதா. மிகச் சிறிய உயிர்கள் கோடிக்கணக்கில் கூடிச் சுண்ணாம்பால் கட்டிய வீடு அது. அவ்வுயிர்களின் உடலுக்குள்ளே அதைவிடச் சிறிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. பழுப்பு நிறம் அந்தப் பாசிகளுடையது. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஓரிரண்டு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தால், பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துச் சுண்ணாம்பு தெரியும். நம் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் இது பெருமளவில் நிகழ்ந்தது. வெளுத்ததெல்லாம் உடனே இறந்ததென்று பொருளில்லை. நீர் குளிர்ந்தால் சில மீளும். மீளாதவற்றின்மேல் பச்சைப்பாசி படர்ந்துவிடும்.

ஆகவே பவளத்தின் நிலையைப் பிள்ளை நிறத்தாலேயே எழுதிவிடலாம்: பழுப்பு என்றால் உயிரோடு இருக்கிறது, தாளின் வெண்மை என்றால் வெளுத்துவிட்டது, அழுக்குப் பச்சை என்றால் போய்விட்டது. ஒருகாலத்தில் இந்தப் பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பினோம், வீடும் கட்டினோம். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவித்தார்கள். அவற்றுள் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிப்போயின. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. காலம் கடந்தாவது செய்தார்களே!

சங்கும் இப்படியே பிள்ளைகளை ஏமாற்றுகிறது. வீட்டு அலமாரியிலுள்ள பால்வெள்ளைச் சங்கைப் பார்த்து, அதை மணலின்மேல் மல்லாத்தி வரைவார்கள். உயிர்ச்சங்கு மணலில் பாதி புதைந்து கிடப்பது. அதன்மேல் பழுப்பான தோல் ஒன்று மூடியிருக்கும். அதைக் கழித்துச் சுத்தம் செய்த பிறகே வெண்மை. கடற்புல்லும் பசும்புல்லாக இருப்பதில்லை. வண்டல் படிந்து மங்கிய பச்சையாக இருக்கும். அதை மேய வரும் ஆவுளியாவுக்குச் சாம்பல் கலந்த பழுப்பு. அந்த ஆவுளியாவுக்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. பார்த்தீர்களா, தீண்டப்படாமல் கிடந்த பழுப்புப் பென்சிலுக்கு எவ்வளவு வேலை!

மீனில்லாக் கடல்

உயிருள்ளவற்றை வரையலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் எழுவது இயல்பு. இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிள்ளைகளின் கல்விக்காக என்னும்போது இடங்கொடுப்பவர்கள் உளர். அப்போதும் தவிர்ப்பதே பேணுதல் என்போரும் உளர். தீர்ப்புக் கூறுவது ஓவிய ஆசிரியனின் வேலையன்று. என் வகுப்பில் ஒரு பையனின் உம்மா, மீன் வரைய வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். அவன் வரைந்தது மீனே இல்லாத கடல்: கோரைப்பாய் மணல், ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் புல், வெறும் சிப்பி ஓடுகள், மேலிருந்து சரிந்து விழும் ஒளிக்கற்றைகள். புல் சாய்ந்திருந்ததால் நீரோட்டம் எந்தப் பக்கம் என்பது தெரிந்தது. அவ்வாண்டில் நான் கண்ட அமைதியான படம் அதுதான். "சார், பவளமும் உயிர்தானே, அதை வரையலாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டதற்கு மட்டும், உன் வீட்டுப் பெரியவர்களிடம் கேள் என்று சொல்லி நழுவிக்கொண்டேன்.

இனி அந்தச் சங்குக் குளியாளியின் மகள் வரைந்த படத்துக்கு வருகிறேன். பச்சையும் பழுப்புமாக, மூன்று சங்குகள் மணலில் பாதி தெரிய, தூரத்தில் நிழலாக ஒரு பாறை, மேலே ஒளிவட்டத்தில் இலை போன்ற படகு. வட்டார அளவிலான போட்டி ஒன்றுக்கு அதை அனுப்பினோம். நடுவர்களுள் ஒருவர், "படம் அழுக்காக இருக்கிறதே" என்று ஒதுக்கினார். பரிசு பெற்றது, நாள்காட்டிப் படத்தைப் பார்த்து எழுதிய நீலக்கடலும் சுறாவும். நான் வாதாடினேன், பயனில்லை. வண்ணத்தின் பளிச்சிடலுக்குப் பரிசு கொடுத்துக் கொடுத்தே நாம் பிள்ளைகளின் கண்ணைக் கெடுக்கிறோம் என்பது என் முடிவு. அதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தப் படம் வேறோர் அவைக்கும் சென்றது. அவளுடைய வாப்பா அதைச் சுருட்டிக்கொண்டு கரைக்குப் போயிருக்கிறார். அன்று மாலை படகடியில் நாலைந்து குளியாளிகள் அதை மணலில் விரித்து வைத்து வழக்காடிக்கொண்டிருப்பதை நானே கண்டேன். "பாருக்குக் கிழக்கால மணல் கிடையாதுப்பா, புல்லு" என்றார் ஒருவர். "அது உன் காலத்துல. இப்ப மணல்தான்" என்றார் மற்றவர். வயது முதிர்ந்த ஒருவர் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கயிறு எங்கே? கயிறு போடலையே" என்றார். மறுநாள் அவள் பள்ளிக்கு வந்ததும் முதலில் கேட்டது ரீஃபில்தான். நிறம் பூசிய பிறகு அழுத்தினால் வெள்ளைக்கோடு வராது என்று விளக்கி, கரும்பழுப்புப் பென்சிலைக் கூராகச் சீவிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். படம் முடிந்ததும் தாளின் பின்புறத்தில், எந்த இடம், எத்தனை பாகம், எந்தக் காற்றுக் காலம், சொன்னவர் யார் என்று நான்கு வரி எழுத வேண்டும். 'அப்துல்லா படகு காக்கா சொன்னது' என்பது போன்ற வரிகள் அவற்றில் உண்டு. கடலோரம் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். குளத்தில் முங்கு நீச்சல் அடித்த பாட்டனாரும் கிணற்றில் தூர் வாரியவரும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உப்புக்காற்றில் தாள் விரைவில் பழுத்துவிடும். மெழுகும் ஒன்றோடொன்று ஒட்டும். ஒவ்வொரு படத்துக்கும் இடையே பட்டர் பேப்பர் வைத்து, தகரப் பெட்டியில் படுக்க வைத்தால் பல ஆண்டுகள் நிற்கும். என்னிடம் அப்படி ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அந்தப் பெண்ணின் படம் மட்டும் அதில் இல்லை. பலமுறை கேட்டும் அவளுடைய வாப்பா கொடுக்க மறுத்துவிட்டார்.